முப்பிடாதிக்கு நீ போட வேண்டிய கையெழுத்து

மகனே,

உன்னைப் போனில் பிடிக்க முடியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் "அம்மா, பார்ட்டி இருக்காங்க, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் அப்புறம் எப்போது வரும் என்று கட்சிக்காரர்களுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கோர்ட்டுக்கு லீவு. தெருவில் ஆள் இல்லை. உன் அப்பா வீட்டில் கறி வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமாக ஊரார் பிராதையும் பதிலுரையையும் டைப் அடித்த கை இது. இன்றைக்கு எனக்காக அடிக்கிறது. கையால் எழுதினால் கோபத்தில் எழுத்து கோணும், புரியவில்லை என்று சாக்குச் சொல்லித் தள்ளி வைத்துவிடுவாய். லீகல் தாளில், ஓரம் விட்டு, வரிக்கு வரி இடைவெளி விட்டு அடித்திருக்கிறேன். ஜட்ஜ் முன்னால் படிக்கிற மாதிரி ஒரு வரி விடாமல் படி.

வெள்ளிக்கிழமை தென்காசியில் உன் புது ஆபீஸ் திறப்பு. பத்திரிகை வந்து சேர்ந்தது. நல்ல வழவழப்பான தாள். குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். உன் அப்பா அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சங்கரன்கோவில் கோர்ட் வாசலில் டைப்பிங் கடை வைத்திருக்கிறவள் பெயரை இப்படி அச்சில் போட எந்த மகனுக்கு மனசு வரும் என்று நினைத்துக்கொண்டேன். பத்திரிகையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து முடிக்கவில்லை, வாசலில் உன் ஜூனியர் முப்பிடாதி வந்து நின்றாள்.

கோட்டு போடவில்லை. சுடிதார்தான். கையில் கேஸ் கட்டு எதுவும் கிடையாது. கட்டு இல்லாமல் அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை என்பதால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஏட்டி, என்ன, கோர்ட்டுக்குப் போகலியா?" என்றேன். அவள், "அம்மா, உங்க கடையில டைப் அடிக்க ஆளு வேணுமா? தமிழும் அடிப்பேன், இங்கிலீசும் அடிப்பேன்" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வீட்டுல எங்கய்யா ஜவுளிக்கடைக்குப் போகச் சொல்லுதாவ. நான்தான் கோர்ட் பக்கத்துலயே எதாச்சும் பாக்கேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கவுன் போட்ட ஒரு வக்கீல், என்னிடம் டைப்பிஸ்ட் வேலை கேட்டு நிற்கிறாள். அவளுக்கு சீனியர் யார்? என் மகன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

என்ன நடந்தது என்று நான் கேட்கக் கேட்க அவள் "சார் மேல தப்பில்லம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னவர் உன் கட்சிக்காரர், பனவடலிசத்திரம் சுடலையாண்டி அண்ணாச்சி. அவருடைய பாதை வழக்கு உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். அவருடைய மானாவாரிக் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரன் வேலி போட்டு அடைத்துவிட்டு, அப்படி ஒரு பாதையே கிடையாது என்று வழக்கும் போட்டிருக்கிறான். அன்றைக்கு அவன் சாட்சிக் கூண்டில். அவனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியது நீ. நீயோ தென்காசியில் புது ஆபீசுக்குக் கண்ணாடிக் கதவு பார்த்துக்கொண்டிருந்தாய். முப்பிடாதியிடம் வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தாய். ஏற்கெனவே இதே மாதிரி வாங்கி வாங்கி ஜட்ஜம்மா பொறுமை இழந்துவிட்டார். "இனிமேல் கிடையாது. இப்போதே கேள்வி கேளுங்கள், இல்லையென்றால் குறுக்கு விசாரணை இல்லை என்று எழுதி முடித்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, வராந்தாவுக்கு ஓடி வந்து உனக்குப் போன் அடித்திருக்கிறாள். நீ எடுக்கவில்லை. திரும்பவும் அடித்திருக்கிறாள், எடுக்கவில்லை. சுடலையாண்டி அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "என் காடு போச்சா தாயி?" என்று கேட்டிருக்கிறார். அவள் உள்ளே போய் நின்று கேள்வி கேட்டாள். அண்ணாச்சி என் கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது துண்டை உதறி உதறிச் சொன்னார். "மொதல்ல அது கட்டைத் தொறந்து ரெண்டு தாள பெரட்டிச்சு பாத்துக்கிடுங்க. பொறவு ஒரு கேள்வி கேட்டுச்சு. ஒங்க காட்டுக்கு டிராக்டர் எந்த வழியா போகும்னு. அவன் யோசிக்காம, அந்த வண்டிப்பாதை வழியாத்தாம்மா போகும், வேற வழி எங்க இருக்குன்னுட்டான். பாதையே இல்லன்னு கேஸ் போட்டவன் வாயாலயே பாதை வந்துட்டு! ஜட்ஜம்மா பேனாவ வச்சிட்டு அவனையே பாத்தாங்க." அதன் பிறகும் அவள் வரிசையாகக் கேட்டிருக்கிறாள். கட்டை வரிக்கு வரி படித்தவள் கேட்கிற கேள்விகள் அவை. அந்தக் கட்டை நீ எப்போது கடைசியாகப் பிரித்தாய்?

மறுநாள் காலையில் நீ ஆபீசுக்கு வந்து செய்ததையும் அண்ணாச்சிதான் சொன்னார், அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கட்சிக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "நான் என்ன செத்தா போயிட்டேன்? உன்னை யாரு கிராஸ் பண்ணச் சொன்னா? கட்டைக் கீழ வச்சிட்டு வீட்டைப் பாக்கப் போ" என்று சொல்லியிருக்கிறாய். வழக்கைக் காப்பாற்றியதற்குக் கூலி. அவள் கேள்வி தப்பாகக் கேட்டு வழக்கு தோற்றிருந்தால்கூட நீ இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றாகக் கேட்டாளே, அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. கட்சிக்காரன் உன்னை விட்டு அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். அந்த எரிச்சலை நான் நன்றாக அறிவேன். இந்தக் கோர்ட் வாசலில் எத்தனையோ பெரிய வக்கீல்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். என் மகன் முகத்திலும் வரும் என்றுதான் நினைக்கவில்லை.

ஒன்று வெளியே வந்தால் இன்னொன்றும் வெளியே வருகிறது. கோர்ட்டில் நடந்ததைச் சொல்லாதவள், மற்றதைக் கிண்டிக் கிண்டிக் கேட்டதில் சிலது சொன்னாள். மேலநீலிதநல்லூரைத் தாண்டி உள்ளே கிடக்கிற ஊரிலிருந்து வருகிறாள். விடிவதற்கு முன் எழுந்து அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுன் பஸ் பிடிக்கிறாள். மாதம் ஏதாவது செலவுக்குத் தர முடியுமா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ என்ன சொன்னாய்? "உனக்குத்தான் பஸ்ஸு ஃப்ரீயாச்சே, அப்புறம் என்ன செலவு?" என்று சொல்லிச் சிரித்தாயாம். சாப்பாடு ஃப்ரீயா? செருப்பு ஃப்ரீயா? இந்த வெயிலில் அந்தக் கறுப்புக் கோட்டைத் துவைக்கிற சோப்பு ஃப்ரீயா? பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் மட்டும்தான் அந்தப் பிள்ளை இந்நேரம்வரை வக்கீலாக இருந்திருக்கிறாள். அரசாங்கம் தந்த அந்த ஒன்றையும் நீ கேலிக்கு எடுத்துக்கொண்டாய்.

அது போதாதென்று பெயர். புது ஆபீஸ் போர்டில் ஜூனியர்கள் பெயரும் வரும் என்று அவள் ஆசையாகக் கேட்டபோது, "முப்பிடாதின்னு போட்டா வக்கீல் பேர் மாதிரியா இருக்கும்? தேவி, கீதா இப்படி எதாச்சும் சுருக்கமா வச்சுக்கோ" என்றாயாம். நீ பன்னிரண்டாவது பாஸ் ஆக வேண்டும் என்று நான் எந்த அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன் என்று உன் அப்பாவிடம் கேள். அந்த முப்பிடாதி அம்மன் பெயரைச் சுமக்கிற பிள்ளை உன் போர்டுக்கு அழகாக இல்லையா? உன் தாத்தா பெயரைச் சொன்னால் அந்தப் போர்டு என்ன ஆகும்?

இதையெல்லாம் போனில் ஆரம்பித்தபோது நீ ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். "நானும் அப்படித்தாம்மா வந்தேன். கஷ்டப்பட்டாத்தான் தொழில் படியும்." எப்படி வந்தாய் மகனே? எப்படி வந்தாய் என்று உனக்கு உண்மையாகவே தெரியுமா? உட்கார்ந்து கேள். இதுவரை இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வராது என்று நினைத்திருந்தேன்.

நீ படித்து முடித்து வந்த புதிதில் இந்த ஊரில் ஒரு ஆபீசும் உன்னை எடுத்துக்கொள்ளவில்லை. மார்க்கை யாரும் பார்க்கவில்லை. முதல் கேள்வி, "யாரு மகன்?" தறிச்செட்டில் வேலை பார்க்கிறவர் மகன் என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிதானம் வரும், பார்த்திருக்கிறாயா? "சொல்லி அனுப்புதேன் தம்பி" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. நீ வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தாய். கடைசியில் பெரிய வக்கீல் அண்ணாச்சி உன்னைச் சேர்த்துக்கொண்டார். அவர் காலமாகிவிட்டார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. உன்னை அவர் எதற்காகச் சேர்த்துக்கொண்டார்? உன் இங்கிலீசைக் கேட்டு மயங்கி என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். மேடையிலும் அப்படித்தான் சொல்கிறாய். பார் அசோசியேஷன் விழாவில் நீ அதைச் சொன்னபோது நான் பின் வரிசையில்தான் இருந்தேன்.

அவருடைய ஆபீஸ் வேலை முழுவதையும் நான் கூலி வாங்காமல் டைப் அடித்துக் கொடுத்தேன். அதற்காகத்தான் உன்னை எடுத்துக்கொண்டார். நானே போய்ப் பேசினேன். "அண்ணாச்சி, டைப்பிங் கூலி ஒண்ணும் வேண்டாம். எம்பையன உள்ள வச்சுக்கிடுங்க. சும்மா கட்டு தூக்க மட்டும் விடாம, நின்னு ரெண்டு வார்த்தை பேச விடுங்க" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அதுக்கு எதுக்கும்மா கூலிய விடுதீங்க, அவன் தானா மேல வந்துருவான்" என்றார். "தானா வார வரைக்கும் அவன் இருக்கணும்லா அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் கட்டு கட்டாக வேலை வந்தது. நீ முதன்முதலில் நின்று பேசிய அந்தச் சின்ன வாடகை வழக்கு இருக்கிறதே, அன்றைக்கு அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நீ நினைத்தாய். அவர் நன்றாகத்தான் இருந்தார். என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அங்கே நீ பேசி முடிக்கிறவரை அவரை எழுந்து போக நான் விடவில்லை. இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எந்தத் தாயும் செய்வாள். ஆனால் "நானும் அப்படித்தான் வந்தேன்" என்று இனி ஒரு தரம் உன் வாயில் வரக்கூடாது.

நீ கஷ்டப்பட்டாய் என்பதை நான் இல்லையென்று சொல்லவில்லை. வெயிலில் அலைந்தாய், அவமானம் தின்றாய். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சோறு இருந்தது. சட்டை அயர்ன் செய்து தொங்கியது. பைக்குக்கு பெட்ரோல் போடக் கல்லாவில் கையை விட்டு எடுத்துக்கொண்டு போவாய், நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன். நீ சம்பாதிக்காத அந்த வருஷங்களுக்கு உனக்கு மாதச் சம்பளம் கொடுத்தது இந்தக் கடை. முப்பிடாதிக்கு அப்படி ஒரு கடை எங்கே இருக்கிறது? அவளுடைய அம்மா பீடித் தட்டை வைத்துக்கொண்டு எந்த வக்கீலிடம் போய்ப் பேரம் பேசுவாள்?

இந்தக் கோர்ட் வாசலில் உட்கார்ந்து எத்தனை ஜூனியர்களைப் பார்த்துவிட்டேன் தெரியுமா. புதுக் கோட்டு மினுமினுக்க வருவார்கள். வயக்காடு உள்ள வீட்டுப் பிள்ளை, மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கிறவர் பிள்ளை, மாமனார் வசதியானவர், இவர்களெல்லாம் நிற்பார்கள். சுமாராகப் பேசுகிறவன்கூட நின்று நின்றே வக்கீலாகிவிடுவான். மற்றவர்கள் ஒரு ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இருப்பார்கள், அடுத்த ஆடித்தபசுக்கு இருக்க மாட்டார்கள். ஒருவன் இருந்தான், அவன் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த மனுவில் திருத்த ஒரு இடம் இருக்காது. இப்போது உரக்கடையில் பில் போடுகிறான். என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறான். இவர்களுக்கெல்லாம் திறமை இல்லையென்றா போனார்கள்? காத்திருக்க வசதி இல்லை, போனார்கள். நீங்கள் அதற்குத் தொழில் பழகுதல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். யாருடைய அப்பனிடம் சொத்து இருக்கிறது என்று பார்க்கிற பரீட்சை அது. கறுப்புக் கோட்டு போட்டு, நீதி நியாயம் என்று பேசுகிற இடத்திலேயே அதை நடத்துகிறீர்கள். கேட்பார் இல்லை.

உன் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் போன காது, ரெண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "எங்க செட்டுல அறுந்த இழைய முடியப் படிக்க வாரவனுக்குக்கூட சனிக்கிழமை ஆனா கைல காசு உண்டும்லா. கோர்ட்டுல கிடையாதாக்கும்?" கிடையாது என்றேன். "அப்ப என்னத்த வேலை வாங்குதான்?" என்றார். ஜூனியர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும் என்று பேப்பரில் வந்ததை நான்தான் உனக்கு எடுத்துக் காட்டினேன். "அதெல்லாம் மெட்ராசுல இருக்கவங்களுக்கும்மா, சங்கரன்கோவிலுக்கு வராது" என்று அதே பேப்பரில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்துப் பிரித்தாய். எல்லா நல்லதும் மதுரைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும், கெட்டது மட்டும் முதல் ரயிலுக்கு இங்கே வந்து இறங்க வேண்டும், அப்படித்தானே?

அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில் எனக்கே அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. நீ கூப்பிடுவாய். அம்மா சொன்னாளே என்று கூப்பிடுவாய். அவளும் வருவாள். அப்புறம் காலம் முழுக்க அவள் உனக்கு நன்றி சொல்லிக்கொண்டே, கட்டைத் தூக்கிக்கொண்டு, நீ வருகிற வரை எழுந்து எழுந்து நின்று நேரம் கேட்டுக்கொண்டு இருப்பாள். அந்த வாழ்க்கைக்கு என் கடையில் டைப் அடிப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் டைப் அடிக்கவும் நான் அவளை விடப் போவதில்லை. நேற்று சுடலையாண்டி அண்ணாச்சி திரும்ப வந்தார். முப்பிடாதியும் கடையில்தான் இருந்தாள். அவர் நேராக அவளிடம் போய், "தாயி, மிச்ச கேஸையும் நீயே நடத்து. ஒம்பேருல வக்காலத்து போடுவோம்" என்றார். அந்தப் பிள்ளை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, நான் பார்த்தேன். உடனே அதை அணைத்துக்கொண்டு, "சார் நோ அப்ஜெக்‌ஷன் போட்டுக் குடுக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணாச்சி. அது மரியாதை இல்ல" என்றாள். அவர் கெஞ்சினார். நானும் சொல்லிப் பார்த்தேன். "கோர்ட்டுல மனுப் போட்டு அனுமதி வாங்கலாம்டி, சட்டத்துல இடம் இருக்கு" என்றேன். "இடம் இருக்கும்மா. ஆனா எனக்கு வேலை கத்துக் குடுத்தது அவுகதானே" என்று சொல்லிவிட்டாள். என்ன கற்றுக் கொடுத்தாய் நீ அவளுக்கு? மேஜை துடைக்கவா?

நோ அப்ஜெக்‌ஷன் என்றால் என்ன என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்சிக்காரன் வக்கீலை மாற்ற விரும்பினால், பழைய வக்கீல் புது வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு வக்கீல்கள் கட்சிக்காரர்களை எப்படியெல்லாம் அலையவிடுவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். நாளைக்கு வா என்பார்கள். குமாஸ்தா இல்லை என்பார்கள். பேனா இல்லை என்று சொன்னவர்கூட உண்டு. அதற்குள் வாய்தா வந்துவிடும், கட்சிக்காரன் அலுத்துப்போய் இருக்கிற வக்கீலே போதும் என்று உட்கார்ந்துவிடுவான். நீயும் அதைச் செய்வாய் என்று சுடலையாண்டி அண்ணாச்சி பயப்படுகிறார். "ஒங்க மவன் போடுவாரா?" என்று என்னிடம் கேட்டார். என் மகன் போடுவான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரலில் உறுதி இல்லை. அது அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி ஊரார் முன்னால் எனக்கே சந்தேகம் வரும்படி வைத்துவிட்டாயே, அந்தக் கோபம்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது.

என் கடையில் ஜன்னல் பக்கம் ஒரு மேஜை காலியாக இருக்கிறது, நீ பள்ளிக்கூடப் பாடம் எழுதிய மேஜை. அதைத் துடைத்து வைத்திருக்கிறேன். வாசலில் என் போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு வரும். பெயிண்டரிடம் சொல்லிவிட்டேன். பா. முப்பிடாதி, வழக்கறிஞர். முழுப் பெயர், பெரிய எழுத்து. காலை வெயிலில் கோர்ட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் படிப்பார்கள், நீயும் படிப்பாய். அவளுக்கு வேலை வருகிறவரை அவளுடைய மனுக்களுக்கு நான் கூலி வாங்க மாட்டேன். ஒரு தடவை செய்தது எனக்குப் பழக்கம்தான். அன்றைக்கு என் பிள்ளைக்காகச் செய்தேன். இன்றைக்கு என் பிள்ளை செய்ததற்காகச் செய்கிறேன்.

உன் புது ஆபீசுக்கு இன்னொரு ஜூனியர் வருவான், வருவாள். வராமல் இருக்க மாட்டார்கள், கண்ணாடிக் கதவு இருக்கிறதே. அவர்களிடம் யார் பிள்ளை என்று கேட்காதே. எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்ஸில் வருகிறாய், மத்தியானம் எங்கே சாப்பிடுவாய் என்று கேள். முதல் மாதமே சம்பளம் கொடு, கேட்க வைத்துக் கொடுக்காதே. வாரத்தில் ஒரு நாளாவது நீ பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர்களை எழுந்து பேச விடு. உளறினால் உளறட்டும், நீ உளறாததையா அவர்கள் உளறிவிடப் போகிறார்கள்? இதைச் செய்ய முடியாதென்றால் ஜூனியர் வைத்துக்கொள்ளாதே. கட்டைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் கூலிக்கு ஆள் வை. ஒரு வக்கீலைப் பிடித்துச் சுமக்க வைக்காதே.

வெள்ளிக்கிழமை நான் வருவேன். வராமல் இருந்து ஊர் சிரிக்க வைக்க மாட்டேன், நீ அதற்குப் பயப்பட வேண்டாம். பட்டுப் புடவை எடுத்து வைத்துவிட்டேன். உன் அப்பா புது வேஷ்டி கேட்கிறார். திரியும் நல்லெண்ணெயும் நான் கொண்டு வருகிறேன், அங்கே யாரையும் அலைய விடாதே. அதே பையில் சுடலையாண்டி அண்ணாச்சியின் புது வக்காலத்தும் இருக்கும். அவர் தன் இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டார். முப்பிடாதியின் பெயரை நான் அடித்துவிட்டேன், ஒரு எழுத்தும் சுருக்கவில்லை. வந்திருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் குத்துவிளக்கைச் சுற்றி நிற்பார்கள், போட்டோக்காரன் தயாராக இருப்பான், நீ தீப்பெட்டியை என் கையில் கொடுப்பாய். நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வக்காலத்தைத்தான் முதலில் உன் கையில் கொடுப்பேன். நீ கையெழுத்துப் போட்ட பிறகு விளக்கு எரியும். எங்கே போட வேண்டும் என்று தேடிக்கொண்டு நிற்காதே. எழுதப் படிக்கத் தெரியாத கட்சிக்காரர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பேனே, அதே மாதிரி உனக்கும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா